ஜெயித்தவர்தான் கேட்க வேண்டும்

அறுபத்தொன்றுக்கு அறுபது. பள்ளிக்கூடத்தை மூடுவதென்று எங்கள் ஊர்க்கூட்டம் முடிவெடுத்துவிட்டது. எழுந்து நின்ற அறுபத்தொன்றில் நானும் ஒருத்தி. பதினோரு பிள்ளைகளுக்கு ஒரு கட்டடம், அதற்கு என் பண்ணை வரி கட்ட வேண்டும்! மூன்று வருடமாகக் கத்தி, கடைசியில் ஜெயித்தும்விட்டேன். ஆனாலும் நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

காரணம் என் அக்கா கோரின். அந்தப் பள்ளியின் ஒரே டீச்சர். வருடா வருடம் நடக்கும் இந்த மார்ச் மாதக் கூட்டத்தில் ஓட்டெடுப்புக்கு முன் மணியடித்து, சமையலறையில் இருப்பவர்களைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். தலைவர் ஆல்டன் மறந்து தொலைத்தார். அவள் உள்ளே தனியாக எங்களுக்காகப் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள்.

இப்போது கையைத் துடைத்தபடி வாசலில் நின்றாள். "ஓட்டு முடிஞ்சுதா? என்னை ஏன் கூப்பிடலை?"

ஆல்டனுக்கு முகம் வெளிறியது. "தப்புதாம்மா. ஆனா முடிவை அறிவிச்சுட்டேன். மறுபடி எடுக்கணும்னா ஜெயிச்ச பக்கத்து ஆள்தான் கேக்கணும். தோத்தவங்க கேக்க முடியாது."

அறுபத்தொரு பேரும் தரையைப் பார்த்தோம். மூன்று வருடமாக என்னோடு சேர்ந்து கத்திய டெக்ஸ்டர், பக்கத்து நாற்காலியிலிருந்து என் முழங்கையைப் பிடித்தான். "வாயைத் திறக்காத, வெரா. தானா வந்த அதிர்ஷ்டம்."

ஆல்டன் அடுத்த தாளைப் புரட்டினார். சாலைச் செலவு. அதை ஆரம்பித்துவிட்டால் இது அவ்வளவுதான். கோரின் என்னைப் பார்க்கவேயில்லை. பார்த்துக் கெஞ்சியிருந்தால் எரிச்சலில் அப்படியே இருந்திருப்பேன்.

எழுந்தேன். "நான் கேக்கறேன். மறுபடி எடுங்க."

"பைத்தியமாடி உனக்கு?" டெக்ஸ்டர் பல்லைக் கடித்தான்.

முணுமுணுத்துக்கொண்டே ஊர் சம்மதித்தது. மூட வேண்டும் என்பவர்களை எழச் சொன்னார் ஆல்டன். முதல் ஆளாக நின்றேன்.

"திரும்பவும் அந்தப் பக்கமேவா?" என்றாள் கோரின்.

"என் ஓட்டு அதுதான். விட்டுப்போனது உன்னோடதுதானே."

அறுபத்தொன்றுக்கு அறுபத்தொன்று. சமமாக நின்றால் தீர்மானம் தோற்றது என்று அர்த்தம். பள்ளிக்கூடம் பிழைத்தது. வரி கட்ட நான் என் பண்ணையின் கீழ்ப்புல்வெளியை விற்றாக வேண்டும். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் டெக்ஸ்டர் வேறு மேசைக்குப் போய்விட்டான். காலியான இடத்தில் கோரின் வந்து உட்கார்ந்தாள்.

"அடுத்த மார்ச்சும் எனக்கு எதிராத்தான் நிப்பியா?"

"ஆமா."

"அதுக்குள்ள வீடு வீடாப் போய் உன் ஆளுங்களையெல்லாம் இழுத்துருவேன், பாரு."

"எங்க வீட்டுக்கும் வா அக்கா," என்றேன். "மாற மாட்டேன். ஆனா வா."