துண்டுக்கு அடியில் இருநூற்று நான்கு விரல்கள்

2020ஆம் ஆண்டு ஜூன் ஒன்பதாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் அப்பாதுரை ஒரு துண்டுக்கு அடியில் கையை விட்டார். உள்ளே இருநூற்று நான்கு விரல்கள் இருந்தன. எதிரே உட்கார்ந்து துண்டுக்குள் கையை விட்டிருந்தவரோ மேஸ்திரி பச்சைமுத்து ஒருவர்தான். மண்டியில் வேலை செய்தவர்கள் மேஸ்திரியோடு சேர்த்து நாற்பத்தோரு பேர். எல்லோருடைய வலது கை விரல்களையும் கூட்டினால் இருநூற்றைந்து வரவேண்டும். மூட்டை தூக்கும் மண்ணாங்கட்டி என்பவருக்குக் கதிரடிக்கிற மெஷினில் சுண்டுவிரல் போய்விட்டதால் ஒன்று குறைந்தது. அந்த வகையில் கணக்கு சரியாகவே இருந்தது.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவது எல்லோருக்கும் தெரியும். இந்த மண்டியில் வருஷத்துக்கான கூலியும் அப்படித்தான் பேசப்பட்டது. அப்பாதுரையின் அப்பா காலத்து வழக்கம். விரல் ஒன்றுக்கு நாள் கூலியில் ஒரு ரூபாய் ஏற்றம். கட்டைவிரலை மடக்கினால் சம்மதமில்லை. மணிக்கட்டை அழுத்தினால் சம்மதம், பேச்சு முடிந்தது. பக்கத்து மண்டிக்காரன் காதில் விழக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு, தூக்குகிறவன் காதிலும் விழாமல் போனது. மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது அவர் முகத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அந்த வருஷத்துக் கூலியைத் தெரிந்துகொள்வார்கள். காய் காயவைத்து, புடைத்து, சாக்கு தைக்கிற பத்தொன்பது பெண்களுக்கு அந்த முகத்தைப் பார்க்கும் வேலையும் இல்லை. ஆண்களுக்கு எது முடிவாகிறதோ அதற்குத் தகுந்தாற்போல் பாதி. அதை அந்தப் பெண்களே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் ஊரடங்கு. எண்ணெய் மில்கள் மூடிக்கிடந்தன, வாங்கிப்போட்ட காயில் வண்டு விழுந்தது, ஒரு நாளைக்குப் பதினோரு லாரி நின்ற வாசலில் இரண்டு நின்றன. யாருக்கும் கை கொடுக்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்ததால் அப்பாதுரை கிருமிநாசினியை முழங்கை வரை தேய்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் யோசனை எளிமையானது. பெண்களை அனுப்பிவிடுவது, அவர்கள் வேலையையும் ஆண்கள் பார்ப்பது, ஆண்கள் கூலியில் கை வைக்காமல் விடுவது. பச்சைமுத்து கெட்டவர் இல்லை. இருபத்திரண்டு பேரையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தார். அந்தப் பத்தொன்பது பேரில் ஏழு பேர் இந்த இருபத்திரண்டு பேரின் பெண்டாட்டிகள் என்பதையும் அவர் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம். நினைக்காமல் முதலாளியின் மணிக்கட்டை அழுத்தப் போனார்.

அறுபதடி தள்ளி, களத்தில் சாக்கு தைத்துக்கொண்டிருந்த செண்பகத்தின் கையிலிருந்து கோணி ஊசி நழுவியது. செண்பகம் அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். புருஷன் இல்லை, பிள்ளைகள் இரண்டு. ஊரடங்கில் இரண்டு மாதம் ரேஷன் அரிசிக் கஞ்சியோடு ஓட்டியவள். இந்த வேலையும் போனால் அடுத்து என்ன என்று யோசிக்க அவளிடம் ஒன்றுமே இல்லை. அவள் வலது கைக்குள் ஓர் ஆணின் கை வந்து நின்றது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த விரல்கள் என்ன சொல்கின்றன என்பது, விரல் பாஷை ஒருநாளும் கற்றுக்கொள்ளாத அவளுக்கு, தெளிவாகப் புரிந்தது. அவள் கட்டைவிரலை மடக்கி, அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நம்மளத் தள்ளி வுடறதுக்கு உள்ள பேசிக்கினு இருக்காங்க," என்றாள் பக்கத்தில் இருந்த பெண்களிடம். "நான் வுடல. நீங்களும் வுடாதீங்க."

சொல்லும் முன்பே மற்றவர்களும் தங்கள் கைக்குள் வந்த அந்தக் கையைப் பிடித்திருந்தார்கள். லாரியில் ஏறிக்கொண்டிருந்த ஆண்கள் மூட்டையை அப்படியே இறக்கினார்கள். வேலைநிறுத்தம் என்று யாரும் அறிவிக்கவில்லை. வலது கை காலியாக இல்லை, அவ்வளவுதான்.

உள்ளே அப்பாதுரை கண்ணாடி வளையல்களின் சத்தத்தைக் கேட்டார். "பச்சை, உள்ள யாரு கை வச்சுக்கினு இருக்கறது?" என்று கேட்டார். தன் கை ஒன்றுதான் என்று பச்சைமுத்து சத்தியம் செய்தார். துண்டை விலக்கிப் பார்த்தபோது இரண்டு கைகள்தான் இருந்தன. பிடி மட்டும் விடவில்லை. மூடினால் மறுபடியும் எல்லாம் இருந்தன. இரண்டு நாள் இருவரும் அப்படியே இருந்தார்கள். முதலாளியின் மனைவி வெள்ளையம்மாள் தயிர்சோற்றை ஊட்டிவிட்டார். மற்ற அவசரங்களுக்கு இருவரும் துண்டோடு சேர்ந்தே மண்டிக்குப் பின்னால் போய்வந்தார்கள். முதலாளியும் மேஸ்திரியும் அவ்வளவு ஒற்றுமையாக அதற்கு முன் நடந்ததில்லை. மூன்று சங்கத்துக்காரர்கள் கொடியோடு வந்து, கைகள் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவை என்று விசாரித்துவிட்டு, பதில் கிடைக்காமல் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் விழுப்புரத்திலிருந்து தொழிலாளர் ஆய்வாளர் காந்திமதி வந்தார். முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, துண்டுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பெண்கள் பேச்சுவார்த்தைக்கு வரவே இல்லை, அதனால் அவர்களைக் கேட்க வேண்டியதில்லை என்று அப்பாதுரை வாதாடினார். காந்திமதி தன் குறிப்பேட்டில் "தொழிலாளர் தரப்பு: நாற்பத்தோரு பேர், அனைவரும் ஆஜர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சமூக இடைவெளி பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.

அதன் பிறகுதான் உண்மையான பேச்சு நடந்தது. பிடித்துக்கொண்டே இருந்தவர்களுக்கும் சில விஷயங்கள் தெரிய ஆரம்பித்தன. முதலாளியின் விரலில் இருபது வருஷம் கிடந்த மோதிரம் இல்லை. அது இருந்த இடத்தில் பள்ளம் மட்டும் இருந்தது. உள்ளங்கை வேர்த்துக் குளிர்ந்திருந்தது. இந்த ஆளும் பயந்துபோய்த்தான் இருக்கிறார் என்று செண்பகத்துக்குத் தோன்றியது. அவர்மேல் பரிதாபமும் வந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை. விரல்களுக்குள் நாலு மணி நேரம் நடந்த பேரத்தில் முடிவானது இதுதான்: யாரையும் அனுப்பக் கூடாது. இருக்கிற வேலையை நாற்பத்தோரு பேரும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது, வேலை நாள் குறைந்தாலும் நாள் கூலி குறையாது. அந்த வருஷம் ஏற்றம் கேட்பதில்லை. பெண்களின் கூலி இனிமேல் பாதி என்று இல்லாமல், அவர்கள் விரலாலேயே தனியாகப் பேசப்படும். பச்சைமுத்துவும் எல்லோரோடும் சேர்ந்து அழுத்தினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. காந்திமதி அதைக் காகிதத்திலும் எழுதி வாங்கினார்.

கைகள் ஒவ்வொன்றாக விலகின. களத்துக்கு வந்த அப்பாதுரை, மரத்துப்போன கையை உதறிக்கொண்டு நின்றார்.

"மூட்ட தூக்கறவன் கையவிட உங்க கைங்கதான் காய்ச்சுப் போயிருக்குது. இத்தினி வருஷமா எனக்குத் தெரியாது," என்றார்.

செண்பகம் கீழே கிடந்த ஊசியைத் தேடிக்கொண்டே, "எங்ககிட்ட யாரும் ரேட்டு பேசுனதில்லீங்களே, முதலாளி," என்றாள்.

லாரிகள் பழையபடி வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. துண்டு போதவில்லை என்று அப்பாதுரையே ஒரு ஜமக்காளம் வாங்கினார். சுற்றுவட்டாரத்தில் இன்னும் இரண்டு மண்டிகளில் இப்போது ஜமக்காளம் விரிக்கிறார்கள்.

2023 ஜூனில், கூலி பேசுகிற அன்றைக்குச் செண்பகம் பனமலையில் தங்கை மகள் கல்யாணத்தில் இருந்தாள். பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தவள் பாதி வரிசையில் வாளியைத் தரையில் வைத்துவிட்டு, வலது கையை முன்னால் நீட்டியபடி நின்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்ன என்று கேட்டார்.

"மண்டியில ரேட்டு பேசறாங்க," என்றாள் செண்பகம். "என்னயும் கேக்கறாங்க."

அவர் தலையாட்டினார். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவள் கட்டைவிரல் மடங்குவதையும், பிறகு நிமிர்வதையும் பார்த்தபடி அந்த வரிசையே சாம்பாருக்குக் காத்திருந்தது.