பேசி முடித்த மொபெட்

“நீங்க அவர விடியச் சாமத்துல அனுப்பியிரிக்கக் கூடா—”

“நான் எங்க அனுப்பின? ஒங்கட தங்கச்சிதான் ரெண்டு மாசமா—”

“தங்கச்சி கேட்டா? மாப்புள எண்டு நீங்க என்னத்துக்கு இரிக்கிற? எழுவது வயசு மனிசன் போய் ஓடிப் பாக்கிற சாமானா அது?”

“நான் வேணா வேணாமெண்டுதான் சொன்ன மச்சான்! அந்த மொபெட் சைக்கிள்தான் வாப்பாவக் கொன்ன! பொம்புளைக்கி மொபெட் என்னத்துக்கு எண்டு நான் கேட்டனா இல்லியா, அவட்டயே கேளுங்க!”

“அவட்ட என்னத்தக் கேக்கிற? வாப்பாவக் கொன்னு போட்டுட்டுல்லுவா நிக்கிறா!”

இரண்டு குரலும் வாப்பாவின் மையித்துக்கு மேலே முட்டிக்கொண்டன. கட்டிலின் தலைமாட்டில் உடன்பிறந்த காக்கா இன்ஸாப். கால்மாட்டில் புருஷன் முஸ்தாக். நடுவில் குனிந்து, வாப்பாவின் நாடியைத் தலையோடு சேர்த்து வெள்ளைச் சீலைத் துண்டால் கட்டிக்கொண்டிருந்தாள் ஸுஹைறா. முடிச்சு இறுகுவதாயில்லை. வாப்பாவின் வாய், பாதிக் கதையில் யாரோ குறுக்கிட்டது போல, ஒரு விரற்கடை திறந்தே கிடந்தது.

“காக்கா, கொஞ்சம் தள்ளி நிண்டு கத்துங்க. துப்பல் வாப்பாட மொகத்துல தெறிக்கிது.”

இன்ஸாப் சால்வையை எடுத்துத் தன் வாயைத் துடைத்துக்கொண்டான். வாப்பாவின் முகத்தை அவள்தான் துடைக்கவேண்டியிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். வாப்பா அப்துல் ஹமீட் அன்று விடியற்காலைச் சுபஹ் தொழுதுவிட்டு, மருதமுனையிலிருந்து பாண்டிருப்புக்குத் தன் பழைய மிதிசைக்கிளில் போனார். அங்கே தம்பிமுத்து என்பவரின் மகள் ஓடிய மொபெட் ஒன்று விலைக்கு நின்றது. மகள் கலியாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போய்விட்டாள். ஹமீட் அதை ஓட்டிப் பார்த்தார். தம்பிமுத்துவின் கையைப் பிடித்து விலை பேசி முடித்தார். பிறகு கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டார். செம்பு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் அறிவித்தாயிற்று.

மொபெட் ஸுஹைறாவுக்குத்தான். நற்பிட்டிமுனையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். அந்தப் பக்கம் நேரே பஸ் கிடையாது. முஸ்தாக் தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவான், விழித்தால். ஒரு தட்டுக்கு எழும்ப மாட்டான். இரண்டாம் தட்டுக்கு ஏசுவான். மூன்றாம் தட்டுக்குப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான். நேரம் பிந்தி வருகிற ஆசிரியருக்கு வரவு இடாப்பில் சிவப்புக் கோடு விழும். அந்தக் கோட்டுக்குக் கீழே அவள் கையெழுத்துப் போடாத மாதமில்லை. அதைப் பொறுக்க மாட்டாமல்தான் வாப்பா அவளைத் தன் மிதிசைக்கிள் கரியரில் ஏற்றி மிதிக்கத் தொடங்கினார். சந்தியில் நிற்கிறவர்கள், “டீச்சர்ர டெக்ஸி வருகுது” என்பார்கள். அவளுக்கு அது காதில் விழாது. கண்ணுக்கு முன்னால் ஏறி இறங்குகிற அந்த முதுகின் மூச்சுத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். மொபெட் ஓடும் லைசன் ஏழு வருஷமாக அவள் அலுமாரியில் சும்மா கிடந்தது.

வீடும் அவளுடையதுதான். இந்தக் கரையில் வீடு மகளுக்குத்தான். சீதனமாக வாப்பா கட்டிக் கொடுத்தது. அவர் அதன் பின்னறையில் இருந்தார். முஸ்தாக் அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. இன்ஸாப் சாய்ந்தமருதில் பெண்ணெடுத்துப் போன மகன், பெருநாளைக்குப் பெருநாள் வந்து போகிறவன். இரண்டு பேருக்கும் அந்த வீட்டில் ஒரு கல் சொந்தமில்லை. ஆனால் அங்கிருந்து ஒருத்தி எதில் ஏறிப் போகலாம், எதில் ஏறக்கூடாது என்று சொல்ல மட்டும் இரண்டு வாய் இருந்தது.

பகலாவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. ஆண்கள் முற்றத்துத் தறப்பாளின் கீழே பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் உள்ளே பாயில் இருந்து யாசீன் ஓதினார்கள். தம்பிமுத்துவின் மனைவி கனகேஸ்வரி செருப்பைக் கழற்றி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஸுஹைறாவுக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

“புள்ள, கோவியாதைங்க. எங்கட வீட்ட வச்சு இப்பிடி…”

“நீங்க என்னக்கா செய்யிற. அல்லாஹ்ட நாட்டம்.”

“கோயிலடி வரைக்கும் ரெண்டு தரம் ஓடிப் பாத்தவர் புள்ள. முகமெல்லாம் சிரிப்பு. ‘ஒரு பக்கக் கண்ணாடி இல்லியே, அதப் போட்டுத் தந்துருங்க, பின்னால வாறவன் ஆரெண்டு புள்ளைக்கித் தெரியணும்’ எண்டார். இவர்ர கையப் புடிச்சவர், விடவே இல்ல.”

“வேற ஒண்டும் சொல்லல்லியா அக்கா?”

கனகேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். “‘இனி என்ட மகள் ஆரையும் எழுப்பிக்கொண்டு நிக்கத் தேவல்ல’ எண்டார். எனக்கு விளங்கல்ல. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர்.”

ஸுஹைறா பாயின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பன்புல்லை உருவினாள். பிறகு இன்னொன்றை உருவினாள்.

அந்த நேரம்தான் முற்றத்தில் எஞ்சின் உறுமியது. ஓதிக்கொண்டிருந்த பெண்கள் ஆயத்து வரியின் நடுவில் நின்று ஆளையாள் பார்த்தார்கள். ஸுஹைறா எழுந்து ஜன்னல் சீலையை விலக்கினாள்.

காலையில் மையித்தை ஏற்றி வந்த வாகனத்துக்குப் பின்னாலேயே தம்பிமுத்து அந்த மொபெட்டில் வந்திருந்தார். அது வாசல் கேற்றடியில் நின்றது. இப்போது அதன்மேல் இன்ஸாப் ஏறி இருந்து கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தான். முஸ்தாக் கீழே குந்தியிருந்து டயரை நகத்தால் சுரண்டினான்.

“சத்தம் ஒரு மாதிரி இரிக்கே.”

“பின் டயரும் மொட்ட மச்சான். பாருங்க, நூல் தெரியிது.”

“தம்பிமார், அத நிப்பாட்டுங்க,” என்றார் தம்பிமுத்து. “உள்ள ஓதுறாங்க.”

இன்ஸாப் எஞ்சினை நிறுத்தினான். இறங்கவில்லை.

“இஞ்ச பாருங்க அண்ணன். இது இனி மனிசன் மவுத்தான மொபெட் சைக்கிள். நாளைக்கி பாண்டிருப்புல ஆரு இதத் தொடுவான்?”

“ஹமீட் காக்கா கதிரையில இரிக்கக்குள்ளதானே தம்பி…”

“கதிரையெண்டா என்ன, சைக்கிளெண்டா என்ன? சனம் சைக்கிளத்தான் சொல்லும். கேட்டா நாங்களும் அப்பிடித்தானே சொல்ற.”

“அதான் அண்ணன், வாப்பா பேசினதுல பாதிக்கு விடுங்க,” என்றான் முஸ்தாக், எழும்பாமலே. “ஒங்களுக்கும் தலயிடி இல்ல.”

“பாதிக்கெண்டா நான் எடுக்கன்,” என்றான் இன்ஸாப்.

“நீங்க எப்பிடி மச்சான்? நான்தானே வெலையக் கதைச்ச. வயலுக்குப் போய் வாறத்துக்கு எனக்குத்தான் தேவை.”

“என்ட வாப்பா பாத்த சைக்கிள்!”

தம்பிமுத்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “இப்ப கதைக்கிற கதையா தம்பி இது?” என்று மெல்லக் கேட்டுவிட்டு, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பின்வரிசையில் ஒரு கதிரையில் இருந்துகொண்டார்.

காலையில் வாப்பாவைக் கொன்ற மொபெட், பகலுக்குள் வயலுக்குத் தோதான மொபெட் ஆகிவிட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவர்கள் நெருப்பை ஊதிவிட்டுக்கொண்டல்லவா பிடுங்குகிறார்கள். ஸுஹைறா சீலையை விட்டுவிட்டுப் பின்வளவுக்கு ஓடி, கிணற்றடியில் குனிந்தாள். வெறும் வயிற்றில் வருவதற்கு என்ன இருக்கிறது? மஞ்சளாகக் கொஞ்சம் கைத்தது. அவ்வளவுதான்.

பின்னால் செருப்புச் சத்தம். முஸ்தாக்.

“என்ன, சத்தி எடுக்கியா? காலத்தால இருந்து நீ ஒண்டும் தின்னல்ல, அதான்.”

அவன் தின்றிருந்தான். அயல் வீட்டார் அனுப்பிய சோறு. மீசையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

“கேளு புள்ள. தம்பிமுத்து இளகி வாறான். ஒன்ட காக்கா முந்துறத்துக்குள்ள நாம முந்தணும். நீ ஓமெண்டு சொல்லு, ஒன்ட பேரிலயே எடுப்பம்.”

“என்ட பேரிலயா?”

“பேரு ஒனக்கு, ஓட்டம் எனக்கு. ஒனக்கு என்னத்துக்கு அந்தக் கரச்சல்? நான்தானே ஒன்ன ஸ்கூலுக்குக் கொண்டு போய் விடுற.”

அவன் பேசப்பேச அந்தப் பருக்கை மேலும் கீழும் ஆடியது. விழவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மீசைக்குப் பக்கத்தில் பதினோரு வருஷம் தலைவைத்துப் படுத்திருக்கிறேனே என்று அவளுக்கு உடம்பு கூசியது.

“காலத்தால அது வாப்பாவக் கொன்ன சைக்கிளெண்டீங்க.”

“அது காக்காவோட கோவத்துல வந்த கதை. இப்ப பாரு, வெலைக்கி ஒதவுது.” அவன் சிரிக்கவும் செய்தான்.

“மீசையில சோறு ஒட்டியிரிக்கி,” என்றாள் அவள். “தொடச்சுட்டு மையித்தக் குளிப்பாட்டப் போங்க.”

குளிப்பாட்டினார்கள். வெள்ளைத் துணியில் கபனிட்டார்கள். கற்பூரமும் அத்தரும் மணக்க, பெண்கள் கடைசியாக முகம் பார்த்து விலகினார்கள். மையித்தைச் சந்தூக்குப் பெட்டியில் கிடத்தி முற்றத்துக்குக் கொண்டு வந்தார்கள். ஸுஹைறா வாசல் சீலைக்குப் பின்னால் நின்றாள். கனகேஸ்வரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சந்தூக்கைத் தூக்குமுன் வாரிசு ஒருவர் சபைக்குச் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. எந்த மரண வீட்டிலும் சொல்வதுதான். சபை தலையை ஆட்டும், சந்தூக்கு எழும்பும். ஏதும் இருந்தால் பிறகு தனியே வந்து கதைப்பார்கள். இன்ஸாப் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தான். குரல் தழுதழுத்தது. அழகாகவே தழுதழுத்தது.

“எங்கட வாப்பா ஆருக்கும் ஏதும் குடுக்க இருந்தா, ஆரோடயும் பேசின பேச்சு முடியாம இருந்தா, மூத்த மகன் நான் இரிக்கன், என்னோட கதைங்க. எல்லாத்துக்கும் நான் பொறுப்பு. அவரால மனம் நொந்திருந்தா மன்னிச்சு ஹலாலாக்கி விட்டுருங்க.”

சபை தலையை ஆட்டியது. நாலு பேர் சந்தூக்கின் கைகளைப் பிடித்துக் குனிந்தார்கள். பின்வரிசையில் ஒரு கதிரை நகர்ந்தது. தம்பிமுத்து எழுந்து நின்றார்.

“ஒரு பேச்சு இரிக்கி தம்பி.”

குனிந்தவர்கள் குனிந்தபடி நின்றார்கள். பக்கத்தில் இருந்தவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “அண்ணன், இரிங்க. இது பதில் சொல்றத்துக்குக் கேக்கிறல்ல.”

“பொறுப்பெண்டு கேக்கிறார். தெரிஞ்சவன் சொல்லாம இருந்தா அது ஹமீட் காக்காக்குத்தானே பாரம்?” தம்பிமுத்து சந்தூக்கின் பக்கம் திரும்பினார். “காலத்தால ஹமீட் காக்கா என்ட கையப் புடிச்சு மொபெட்டுக்கு வெலை பேசி முடிச்சவர். மகள் ஓடுறத்துக்கெண்டு சொல்லித்தான் முடிச்சவர். அந்தப் பேச்சு நிக்கிது.”

இன்ஸாப்பின் காது சிவந்தது. “அதத்தானே அண்ணன்… பகல் கதைச்சம்.”

“பகல் நீங்க கதைச்சத நான் இந்தச் சபையில சொல்லல்ல தம்பி.”

யாரோ இருமினார்கள். முஸ்தாக் சந்தூக்கின் மறுபக்கம் போய் நின்றுகொண்டான்.

“அந்தப் பேச்ச நான் விட்டுட்டன்,” என்றார் தம்பிமுத்து. “நீங்க ஒண்டும் எடுக்கத் தேவல்ல. சைக்கிளக் கொண்டு போறன். காக்கா பாரமில்லாமப் போகட்டும்.”

“அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்யட்டும்,” என்றான் இன்ஸாப், அவசரமாக. முஸ்தாக் நாக்கைத் தட்டி, “ச்சே” என்றான். கைக்கெட்டினது போய்விட்ட “ச்சே”.

தம்பிமுத்து சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கேற்றடிக்கு நடந்தார்.

ஸுஹைறா சீலையை விலக்கி வெளிப்படியில் இறங்கினாள். “அடியே, ஆம்புளையள் நிக்கிறாங்க!” என்று உள்ளிருந்து ஒரு கை அவள் முந்தானையை எட்டிப் பிடித்தது. அவள் அதை உருவிக்கொண்டாள்.

“அண்ணன், நில்லுங்க. காக்கா மட்டும் பொறுப்பில்ல. நானும் வாப்பாட வாரிசுதான். அந்தப் பேச்ச நான் விடல்ல. வாப்பா சொன்ன வெலைக்கே எடுக்கன், பாதிக்கில்ல.”

“ஸுஹைறா!” இன்ஸாப் தொண்டை கிழியக் கத்தினான். “மையித்த முன்னால வச்சிக்கொண்டு வெலை கதைக்கிறியா? வெக்கமில்லியா ஒனக்கு? உள்ள போ!”

சபையில் ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. சந்தூக்கு நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது; தூக்கினவர்களுக்கு அதை மேலே ஏற்றுவதா கீழே வைப்பதா என்று தெரியவில்லை. பள்ளிவாசல் பக்கமிருந்து அஸர் பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. தம்பிமுத்து மொபெட்டின் பக்கத்தில், சாவியைப் போடாமல் திரும்பி நின்றார். ஸுஹைறா காக்காவைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்க்கவில்லை.

“கனகேஸ்வரி அக்கா இங்கதான் நிக்கிறா அண்ணன், சாவிய அவட்டக் குடுங்க. திங்கக்கிழம எனக்கு ஸ்கூல்.”