சரிபார்க்க வேண்டியவை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபத்தால் முன்பின் தெரியாத ஒரு மனுஷிக்குக் கை விளங்காமல் போகும் என்பது எனக்கே தெரியாது.

எங்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ்களுக்கு வழிகாட்டும் வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓட்டுநர்களும் நர்சுகளுமாக நாற்பது பேர் அவரவர் போனிலிருந்தே குறிகள் போட்டு வளர்த்த வரைபடம் அது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போல அடுக்கடுக்காக இருக்கும். சாலைகள் ஓர் அடுக்கு, கட்டடங்கள் ஓர் அடுக்கு, அடைப்புகள் ஓர் அடுக்கு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கண் படம். தட்டினால் அந்த அடுக்கு மறையும், மறுபடி தட்டினால் தெரியும். எதை எதில் போட வேண்டும் என்று விதி எழுதியவள் நான்தான்.

அந்த விதியைக் காற்றில் பறக்கவிடும் ஒரே ஆள் என் அத்தான், அக்கா வீட்டுக்காரர். இருபது வருஷமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. ஆனால் குழியைக் கொண்டுபோய்க் கட்டடத்தில் போடுவார். நாயைச் சாலையில் போடுவார். 'கருப்பு நாய், கடிக்கும்' என்று ஒரு குறி. 'டீ பிரமாதம்' என்று இன்னொன்று. சண்டைக்குப் போனால், "எந்த ரூம்ல இருந்தா என்ன, வீட்டுக்குள்ளதானே இருக்கு?" என்று சிரிப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, சாலை அடுக்கில் ஒரே மூச்சாக இருபத்து மூன்று குறிகள் போட்டு வைத்திருந்தார். முதலில் கண்ணில் பட்டது டீக்கடை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீதியைப் படிக்கக்கூட இல்லை. அத்தனையையும் வழித்தெடுத்து, 'சரிபார்க்க வேண்டியவை' என்று புது அடுக்கு திறந்து அதில் கொட்டி, அந்த அடுக்கின் கண்ணை மூடிச் சேமித்தேன். அப்படிச் சேமித்தால் எல்லோர் போனிலும் மறைந்துவிடும். அதனால் புது அடுக்கு திறந்தால் உடனே குழுவில் சொல்ல வேண்டும். அதுவும் நான் எழுதிய விதிதான். 'இந்த மனுஷன் குப்பையைக் கூட்டினதுக்கு அறிவிப்பு வேறயா?' என்று சொல்லாமல் விட்டேன்.

வியாழக்கிழமை அத்தானுக்கு லீவு. அவர் வண்டியை எடுத்த புது ஓட்டுநர், வரைபடம் காட்டியபடி பள்ளிக்கூடத்துப் பின்தெருவில் போயிருக்கிறார். தெருக்கோடியில் இரும்பு கேட், பூட்டு. வண்டியைப் பின்னுக்கு எடுத்து வேறு வழியாகச் சுற்றிப் போனதில் பதினெட்டு நிமிஷம் போய்விட்டது. வண்டிக்காகக் காத்திருந்தவர் ஒரு தையல்காரம்மா, பக்கவாதம். உயிர் பிழைத்துவிட்டார். வலது கை மட்டும் அசையவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

அந்தப் பகுதியில் குறி போடுவது அத்தான் பொறுப்பு. மேலாளர் கூப்பிட்டுக் கேட்டபோது, "கேட்டைக் குறிச்சேன் சார், சத்தியமா குறிச்சேன்" என்றார். யாரும் நம்பவில்லை. கதை அளப்பதில் மன்னர் என்று பெயரெடுத்தவர் ஆயிற்றே! மேலாளர் என் பக்கம் திரும்பி, "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்.

என் அறைக்குப் போய் அந்த அடுக்கைத் திறந்தேன். பதினேழாவது குறி. 'கேட் பூட்டியிருக்கு, வண்டி போகாது.' பூட்டைப் படம் வேறு பிடித்துப் போட்டிருந்தார். மறுபடி அந்த அடுக்கின் கண்ணை மூடிவிட்டு, திரும்பிப் போய்ச் சொன்னேன்: "அன்னைக்கு வண்டிக்குப் போன மேப்ல அந்தக் குறி இல்ல சார்."

பொய் இல்லையாம்! எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். அதோடு விட்டேனா? அடைப்புகள் அடுக்கில் என் பெயரில் அந்த கேட்டைப் புதிதாகக் குறித்தேன். "பரவாயில்லையே, உடனே சரி பண்ணிட்டீங்க" என்று மேலாளர் பாராட்டினார். நானும் தலையாட்டிக்கொண்டேன். அத்தானை வண்டியிலிருந்து இறக்கி, ஸ்டோர் ரூமில் பெட்டி அடுக்கப் போட்டார்கள்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, இவர் சத்தியம் மேல சத்தியம் பண்றாரு. நெஜமாவே குறிச்சிருந்தாரா?"

"மேப்ல இல்லக்கா."

"அப்ப இதுவும் அளப்புதான்" என்று போனை வைத்துவிட்டாள். சீ, நானும் ஒரு பிறவியா என்று இருந்தது. அப்படி இருந்தும் திருப்பிக் கூப்பிட எனக்கு விரல் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அத்தான் என் அறை வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"அந்தம்மாவப் பாத்து மன்னிப்புக் கேக்கணும். தனியாப் போகக் கால் வரல. கூட வர்றியா?"

"நீங்கதான் குறிச்சேன்னு சொன்னீங்களே அத்தான்."

"அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். சேவ் பண்ணாம விட்டிருப்பேன் போல. இத்தனை பேர் சொல்றப்ப நான் மட்டும் எப்படி இல்லைங்கறது?"

செய்யாத தப்பைச் செய்ததாக அவரே நம்பத் தொடங்கியிருந்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கூடவே போனேன்.

வார்டில் அந்த அம்மாவின் வலது கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். அத்தான் கட்டில் பக்கத்தில் கையெடுத்துக் கும்பிட்டார். "என் கவனக்குறைவும்மா. நான் அந்த கேட்டை..." அழுதுவிட்டார். அந்த அம்மா இடது கையால் அவர் சட்டையைத் தொட்டு, "விடுங்க" என்பது போலக் குழறலாக ஏதோ சொன்னார்.

என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. "அவர் குறிச்சிருந்தாரும்மா. நான்தான் கோவத்துல மறைச்சு வச்சேன். தெரிஞ்சும் சொல்லல" என்றேன். போனில் அந்த அடுக்கைத் திறந்து அத்தானிடம் நீட்டினேன். அந்த அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அத்தான் திரையில் தேதியைப் பார்த்தார். பூட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"உங்க அக்கா கேட்டப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"மேலாளர்கிட்ட இப்பவே போய் எழுதிக் குடுத்துடறேன் அத்தான்."

"அது அப்புறம். மொதல்ல வீட்டுக்கு வந்து உங்க அக்காகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா அவ நம்ப மாட்டா."