கிராட்டிஸ் பெட்டிக்குப் பக்கத்தில்

பத்து மணிக்குத்தான் வகுப்பு. நான் எட்டரைக்கே ஆற்றுப் பாலத்தைக் கடந்து சுவிஸின் சோலோதுர்னில், பழைய நகரத்துக்குள் வந்துவிட்டேன். முன்கூட்டியே போனால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. பயப்படுவதற்குக் கூடுதல் நேரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

செவ்வாயும் வியாழனும் மாலையில் நான் ஜெர்மன் படிக்கிறேன்; எங்கள் ஆட்கள் அதை டொய்ச் என்பார்கள். இம்முறை வகுப்பறைத் தேர்வுக்குப் பதிலாகச் சனிக்கிழமை காலையில் ஒரு நடை என்று ஆசிரியை கெர்பர் அறிவித்திருந்தார். எல்லோரும் சேர்ந்து பழைய நகரத்தைச் சுற்றுவது. ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் முன்னால் நின்று அதைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்வது. கையில் தாள் இருக்கக்கூடாது. நன்றாகப் பேசுபவர்களைப் பி-1 என்ற மொழிப் பரீட்சைக்கான வகுப்பில் சேர்ப்பார். இதற்கு முன் இரண்டு தடவை என் முறை வந்தபோது, இன்னும் தயாராகவில்லை என்று நானே பின்வாங்கிவிட்டேன். இனி அப்படிச் செய்ய முடியாது. நான் துணி துவைக்கும் முதியோர் இல்லத்தில் செப்டெம்பரில் பராமரிப்பு உதவியாளர் பயிற்சி தொடங்குகிறது. அந்தப் பரீட்சையின் சான்றிதழைக் கொண்டுவந்தால் என்னையும் சேர்த்துக்கொள்வதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். கோடையில் பரீட்சை எழுதாவிட்டால் இன்னும் ஒரு வருடம் படுக்கை விரிப்புகளோடுதான்.

எனக்குக் கிடைத்த இடம் சந்தைத் திடலில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம். அதைப் பற்றி மட்டும் படித்தால் போதாது என்று தோன்றியதால், ஒரு மாதமாகச் சனிக்கிழமைகளில் நகரம் முழுவதையும் நடந்து பார்த்தேன். பாசல் வாசலின் தடித்த கல் மதிலைக் கையால் தொட்டுப் பார்த்தேன். கடைகளுக்கு மேலே தொங்கும் பொன்னிறப் பலகைகளை வாசித்தேன். நீர்த்தொட்டிகளின் நடுவே, வர்ணம் பூசிய வீரர்கள் இடுப்பில் கை வைத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊருக்குப் பதினொன்று என்ற எண்ணில் ஒரு பைத்தியம்: பதினொரு தேவாலயம், பதினொரு கோபுரம், பதினொரு நீர்த்தொட்டி. நீர்த்தொட்டிகளை நான் எண்ணியபோது ஒன்பதுதான் வந்தது. பிழை ஊரில் இருக்காது, என்னில்தான் இருக்கும் என்று மறுபடி எண்ணினேன். எட்டு வந்தது.

இதைக் கேட்டுச் செல்வராணி அக்கா வகுப்பில் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் வகுப்பில் என்னைத் தவிர இருக்கும் ஒரே தமிழர் அவர். முப்பது வருடங்களுக்கு முன் அகதியாக வந்தவர். பாடசாலைகளில் துப்புரவு வேலை. குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதற்காக இப்போது படிக்க வந்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயது. ஆனாலும் அன்ரி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். இந்த ஊர்ப் பேச்சுமொழியைச் சந்தையில் மரக்கறி விற்பவர்களைப் போலவே சளசளவென்று பேசுவார். எழுதச் சொன்னால்தான் தலைவலி வரும். நான் நேர்மாறு. வசனத்தை மனதுக்குள் முழுதாக அமைத்து, வேற்றுமை உருபைச் சரிபார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

"நீ ஒரு வசனத்தைக் கழுவி, காயப்போட்டு, மடிச்சு வச்சிட்டுத்தான் வெளியில எடுப்பாய்," என்பார். "அதுக்கிடையில மனுசர் வீட்டை போயிடுவினம்."

அவருடைய இன்னொரு பெருமை, கிராட்டிஸ். இங்கே வேண்டாத பொருட்களை வீட்டு வாசலில் ஒரு பெட்டியில் வைத்து, இலவசம் என்று பொருள்படும் அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுவார்கள். விரும்பியவர் எடுத்துப் போகலாம். யாரும் கேட்கமாட்டார்கள். செல்வராணி அக்காவின் வீட்டு மேசை விளக்கு, சோபா, பனிச்சறுக்குப் பலகை ஒரு சோடி எல்லாம் அப்படி வந்தவை. பனிச்சறுக்கு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியாதாம்.

இன்று காலை தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மனப்பாடம் செய்த வசனங்களை முணுமுணுத்தபடி சந்துகளில் நடந்தேன். ஒன்பதரை மணியளவில் மழை வலுத்தது. ஒரு குறுகிய சந்தின் முடிவில் சின்னத் தேவாலயம் ஒன்றின் கதவு திறந்திருந்தது. உள்ளே மெழுகுதிரிகள் எரிந்தன. எந்தச் சாமியாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு நிமிடம் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நுழைந்தேன்.

சப்பாத்தைக் கழற்றியது எனக்கு நினைவே இல்லை. தேவாலயங்களில் கழற்றத் தேவையில்லை என்று நன்றாகத் தெரியும். கணவர் அருட்செல்வனோடு பெரிய தேவாலயத்துக்குப் பல முறை சப்பாத்தோடு போயிருக்கிறேன். ஆனால் இன்று தலைக்குள் முழுக்க ஜெர்மன் வினைச்சொற்கள். கால்கள் தாங்களாகவே தங்களுக்குத் தெரிந்ததைச் செய்திருக்கின்றன. நனையக்கூடாது என்று கூரைக்குக் கீழே, பக்கத்து வீட்டுச் சுவரோரமாக, ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் சோடியாக ஒழுங்குபடுத்தி வைத்தும் இருக்கிறேன்.

கும்பிட்டு, வசனங்களை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது பெட்டி இருந்தது. சப்பாத்து இல்லை.

முதலில் கள்ளன் என்றுதான் நினைத்தேன். சுவிஸில் கோயில் வாசல் களவா என்று கோபம்கூட வந்தது. பிறகுதான் பெட்டிக்குள் பார்த்தேன். இரண்டு கோப்பைகள், ஒரு சிறுவர் படப் புத்தகம். பெட்டியின் முன்பக்கம் தடித்த எழுத்தில்: கிராட்டிஸ். என்னுடைய புதுச் சப்பாத்தை நானே ஊருக்குத் தானம் செய்துவிட்டுச் சாமி கும்பிடப் போயிருக்கிறேன்.

அருட்செல்வனுக்குத் தொலைபேசி எடுத்தேன். உணவகச் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. பிறகு, குளிருமே, பேருந்தைப் பிடித்து வீட்டுக்குப் போ என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் அது ஆபத்தான யோசனையாக இருந்தது. இம்முறை பின்வாங்குவதற்கு என்னிடம் ஒரு நல்ல காரணமும் இருந்தது.

பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழி சந்தைத் திடலுக்குள்ளால்தான். காலுறையோடு நடந்தேன். ஒரு மாதமாக நடந்த தெருக்கள்தான், ஆனால் இப்போது வேறாக இருந்தன. உருண்டைக் கற்கள் பாதத்தை அழுத்தின. சந்து முடிந்து பெரிய தெரு தொடங்கும் இடத்தில் கற்கள் தட்டையாக, வழுவழுப்பாக மாறின. எத்தனை நூற்றாண்டுக் கால்கள் தேய்த்தனவோ என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் ஒரு குட்டைக்குள் கால் வைத்துவிட்டேன். சந்தையில் சீஸ் விற்கும் பெண் என் கால்களைப் பார்த்தார், பிறகு மரியாதையாக வானத்தைப் பார்த்தார்.

கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தேன். குட்டை முள் பதினொன்றில். நெட்டை முள் பத்தைத் தொடப்போகிறது. பதினொன்றுக்குப் பத்து நிமிடம். எல்லாம் முடிந்துவிட்டது, எல்லோரும் வந்து, பார்த்து, அடுத்த இடங்களுக்குப் போயிருப்பார்கள்.

முதலில் வந்தது நிம்மதிதான். அது அரை நிமிடம் இருந்தது. பிறகு செப்டெம்பர் நினைவுக்கு வந்தது, சலவை அறையின் ஈரச் சூடு நினைவுக்கு வந்தது. எப்படி இவ்வளவு நேரம் உள்ளே நின்றேன் என்று விளங்காமல் மறுபடி கோபுரத்தைப் பார்த்தபோதுதான், ஒரு மாதமாக நான் மனப்பாடம் செய்த முதல் வசனமே ஞாபகம் வந்தது. இந்த மணிக்கூட்டில் நெட்டை முள்தான் மணியைக் காட்டும். குட்டை முள் நிமிடத்தை.

பத்துக்கு ஐந்து நிமிடம்.

திரும்பியபோது ஆசிரியை கெர்பர் குடையோடு வந்துகொண்டிருந்தார். பின்னால் வகுப்பு. ஓடுவதற்கு என்னிடம் சப்பாத்தும் இல்லை.

முதல் முறை என்னுடையதுதான். எல்லோரும் அரைவட்டமாக நின்றார்கள். செல்வராணி அக்காவை மட்டும் காணவில்லை. அவர் எப்போதும் பிந்தித்தான் வருவார். நான் கோபுரத்தின் வயதைச் சொன்னேன். அடுத்த வசனம் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. கட்டட வேலை செய்யும் எரித்திரியாக்காரர் தெஸ்ஃபாய் தன் உடைந்த ஜெர்மனில், உண்மையான கவலையோடு கேட்டார், உன் சப்பாத்து எங்கே என்று.

அதற்கு என்னிடம் தயாரித்த வசனம் இல்லை. யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்றேன். எங்கே என்று கேட்டார்கள். தேவாலய வாசலில் என்றேன். ஏன் கழற்றினாய் என்று இன்னொருவர் கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். எங்கள் ஊரில் சாமி இருக்கும் வீட்டுக்குள் தெருவைக் காலில் கொண்டுபோகமாட்டோம் என்றேன். கழற்றியதே தெரியாமல் கழற்றினேன், மழை படக்கூடாது என்று பத்திரமாக ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன், அது கிராட்டிஸ் பெட்டி என்றேன். தெஸ்ஃபாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த நேரம் பார்த்துச் செல்வராணி அக்கா சந்தைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். மன்னிப்புக் கேட்கும் வழக்கமெல்லாம் அவருக்கு இல்லை. கையிலிருந்த பையைத் திறந்து, இன்று தன் மகளுக்கு என்ன அதிர்ஷ்டம் பாருங்கள், புத்தம் புதிது, கிராட்டிஸ் என்று பேச்சுமொழியில் அறிவித்தபடி ஒரு சோடி சப்பாத்தைத் தூக்கிக் காட்டினார்.

எல்லோரும் சப்பாத்தைப் பார்த்தார்கள். பிறகு என் கால்களை. பிறகு ஒருவரும் எதையும் பார்க்கவில்லை.

அவருடைய முகம் மெல்ல மாறியது. குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டார்: "கிருசிகா, இது உன்ரயோ?"

"ஓம் அக்கா."

இவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. முப்பது வருடம் இந்த நாட்டில் தலை நிமிர்ந்து நடந்த மனுசி, வகுப்பு முழுவதற்கும் முன்னால் அடுத்தவள் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும். உடனே, ஜெர்மனில் சொல்ல வேண்டும். வேற்றுமை உருபை யோசிக்கவில்லை. இவருக்கு அது என் சப்பாத்து என்று தெரிந்துவிட்டது, மழையில் நனையாமல் எடுத்து எனக்காகக் கொண்டுவந்திருக்கிறார், நாங்கள் இருவரும் ஒரே ஊரவர்கள், கோயில் வாசலில் ஒருவர் சப்பாத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்வது எங்கள் வழக்கம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

ஆசிரியை கெர்பர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

செல்வராணி அக்கா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, இல்லை, மகளுக்குத்தான் எடுத்தேன், நல்ல சப்பாத்து, அவளுக்கு அளவாகவும் இருந்திருக்கும் என்றார். வகுப்பே சிரித்தது. சீஸ் விற்கும் பெண்ணும் சிரித்தார்.

என்னிடம் சப்பாத்தை நீட்டியபடி தமிழில் சொன்னார்: "உன்ர டொய்ச் நல்லாத்தான் இருக்கு, பிள்ளை. பொய்தான் சரியில்லை."

அதற்குப் பிறகு மணிக்கூட்டைப் பற்றிப் பேசுவது பெரிய காரியமாக இருக்கவில்லை. சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டே, சற்று முன் இந்த முட்களை நானே தலைகீழாகப் பார்த்து, எல்லாம் முடிந்ததென்று நினைத்ததைச் சொன்னேன். அந்தக் காலத்தில் ஜனங்களுக்கு மணி தெரிந்தால் போதும், நிமிட முள் பிறகு வந்தது, அதனால்தான் அது குட்டை என்று விளக்கினேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்து, நேரத்தைத் தாங்களே வாசித்து, பிழையாகச் சொல்லி, திருத்திக்கொண்டார்கள். நான் ஆயத்தம் செய்த வசனங்களில் பாதியைச் சொல்லவே இல்லை. அது இப்போதும் கொஞ்சம் உறுத்துகிறது.

பெரிய தேவாலயத்தை நோக்கி நடந்தபோது ஆசிரியை என் பக்கத்தில் வந்தார். நான்காம் வேற்றுமை இன்னும் மோசம் என்றார். எனக்குத் தெரியும் என்றேன். அதைப் பரீட்சை வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம், மே மாதம் தொடங்குகிறது, உன் பெயரைப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, பின்தங்கியவர்களைக் கூப்பிடப் போனார். நான் ஒரு நீர்த்தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து ஈரக் காலுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்து, வெறுங்காலுக்குச் சப்பாத்தை மாட்டினேன். மாட்டியபின் நாடாவை இரண்டு முடிச்சாகப் போட்டேன்.

தேவாலயத்தின் அகன்ற வெள்ளைப் படிகள் மழையில் மினுங்கின. அடுத்த முறை செல்வராணி அக்காவுடையது. படி ஏறி வாசலுக்கு வந்ததும் என் கால்கள் ஒரு கணம் தயங்கின. அவர் கண்டுவிட்டார்.

"கழட்டாதை," என்றார். "கழட்டினா இந்த முறை திருப்பித் தரமாட்டன்."