அபராத வட்டி

காரைக்குடி சண்முக விலாஸ் பேங்க்கின் தலைமைக் கணக்கர் நாகநாதனுக்கு அந்தத் தொல்லை ஆரம்பித்தது 1966 தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால். சேர்மன் பெத்தாச்சி அவரைக் கூப்பிட்டு, தன் சம்பந்தியின் நூல் ஆலைக்கு உடனே கடன் கொடுக்கச் சொன்னார்.

எந்த பேங்க்கும் மக்கள் போட்ட பணத்தில் ஒரு பங்கை எப்போதும் ரிசர்வ் பேங்க்கில் இருப்பாக வைத்திருக்க வேண்டும். குறைந்தால், குறைந்த தொகைக்கு அபராத வட்டி.

"ஐயா, இருப்பு இடிக்குது. அடுத்த மாசம் குடுப்போம்" என்றார் நாகநாதன்.

"சம்பந்திகிட்டப் போயி அடுத்த மாசம்னு நான் சொல்லணுமாக்கும்? குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பிருவாக."

எந்த வெள்ளிக்கிழமை என்று அவர் சொல்லவில்லை. பொங்கல் கழிந்தும் பணம் திரும்பவில்லை. அபராத வட்டியாகப் பதினோராயிரம் ரூபாய் கட்டிவிட்டுத்தான் பேங்க் மூச்சு விட்டது.

மறு வருஷம் வரிக் கணக்குக் கொடுக்கும்போது, அந்தத் தொகையை நாகநாதன் பேங்க்கின் செலவாகக் காட்டி லாபத்திலிருந்து கழித்திருந்தார். வருமான வரி அதிகாரி தங்கச்சாமி அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் சுழித்துவிட்டார்.

"சட்டத்த மீறுனதுக்குக் கட்டுன பணம் எப்படிங்க வியாபாரச் செலவாகும்? பாரம் கூட ஏத்துன லாரிக்காரன் ஃபைன் கட்டிட்டு வந்து கழிச்சுக்கங்கன்னா விடுவேனா?"

"அது ஃபைன் சார். இது அப்படியில்ல. அங்க இருக்க வேண்டிய பணத்த நாங்க இங்க பயன்படுத்திக்கிட்டோம். எவ்வளவு குறைஞ்சதோ, எத்தன நாளு குறைஞ்சதோ, அதுக்குத் தக்கன ஈடு குடுத்துட்டோம். வட்டிதானே சார் இது?"

தங்கச்சாமி லேசில் மசிகிற ஆள் இல்லை. ஆனால் காது கொடுத்துக் கேட்கிற ஆள். ஆடியில் தொடங்கிய பேச்சு ஐப்பசி வரை இழுத்தது. நாச்சியாபுரத்தில் சொந்த வயலில் நடவு நடந்தபோதுகூட நாகநாதன் வரப்பில் கால் வைக்கவில்லை. வரி அலுவலக பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். கடைசியில் தங்கச்சாமி பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:

"நீங்க சொல்றதுல ஞாயம் இருக்கு. சேர்மனக் கூட்டிட்டு வாங்க. வட்டியாக் கட்டுனதுதான்னு அவரு வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். எழுதி வாங்கிக்கிட்டு முடிச்சிருவோம்."

பள்ளத்தூரில் சேர்மன் வீட்டிலிருந்து காரில் வரும்போது நாகநாதன் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். "ஐயா, வேற ஒண்ணும் பேச வேணாம். வட்டி. அது போதும்."

"நான் என்ன பச்சப் புள்ளையா? சும்மா வாங்க."

தங்கச்சாமி எழுந்து நின்று வரவேற்றார். காபி வந்தது. பெத்தாச்சி நெய்வேலியிலிருந்து நூல் விலை வரை எல்லாம் பேசினார். பிறகு தங்கச்சாமி பேனாவைத் திறந்துகொண்டு மரியாதையாகக் கேட்டார்:

"அப்ப நீங்க ரிசர்வ் பேங்க்குக்கு வட்டி கட்டியிருக்கீக. அப்படித்தானே?"

பெத்தாச்சியின் முகம் மாறியது.

"யாரு வட்டி கட்டுனது?"

"நீங்கதான் சார்."

"எங்க அப்பச்சி ரங்கூன்ல கடை வச்சிருந்தாக. அவுக காலத்துலருந்து வட்டி வாங்கித்தான் எங்களுக்குப் பழக்கம். ஒருத்தன்கிட்டக் கைநீட்டி வாங்கி வட்டி கட்டுன வீடில்ல எங்க வீடு."

நாகநாதன் அவசரமாகக் குறுக்கிட்டார். "ஐயா, டெபாசிட் போட்டவுகளுக்கு நாம தினமும் வட்டி குடுக்குறோமே..."

"அது அவுக நம்மள நம்பிப் போட்டது. நாம போயிக் கேட்டமா? நீங்க சும்மா இருங்க." பெத்தாச்சி அதிகாரி பக்கம் திரும்பினார். "எழுதிக்கங்க. விதிய மீறுனோம். தப்பு. அதுக்கு அபராதம் போட்டாக, கட்டிட்டோம். வட்டியும் இல்ல, கிட்டியும் இல்ல."

தங்கச்சாமி நாகநாதனைப் பார்த்தார். நாகநாதன் மின்விசிறியைப் பார்த்தார். சேர்மன் சொன்னதை அப்படியே எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார் தங்கச்சாமி. அந்தச் செலவுக் கழிவை ஏற்க மறுத்துவிட்டார். அந்தப் பதினோராயிரத்துக்கும் சேர்த்து வரி.

திரும்பும் வழியில் பெத்தாச்சி நல்ல மனநிலையில் இருந்தார். "ஆளு கொஞ்சம் பிடிவாதக்காரன். அப்பீல் போடுவோம் நாகநாதன்."

ஓடுகிற காரிலிருந்து இறங்கிவிடலாமா என்று நாகநாதனுக்குத் தோன்றியது. மதுரையில் அப்பீல் போட்டார்கள். அங்கே இருந்த அதிகாரி, சேர்மனின் வாக்குமூலத்தைப் பாதி படித்ததுமே, "உங்க சேர்மனே ஒத்துக்கிட்டாரே, அப்புறம் நீங்க எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டார். அப்பீலும் தள்ளுபடி ஆக, நாகநாதன் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். பேருந்தில் காரைக்குடி வந்து சேரும் வரை தனக்குத் தானே பேசிக்கொண்டு வந்தார்.

பங்குதாரர் கூட்டம் பேங்க் மாடியில் நடந்தது. சேர்மனின் பெரியப்பா மருமகள் தேனம்மை, கணவர் விட்டுப்போன பங்குகளுக்காக வருஷம் தவறாமல் வருகிறவர், எழுந்து கேட்டார்:

"அபராதமும் கட்டி, அபராதத்துக்கு வரியும் கட்டுனமாமே? ஏன்?"

"கணக்கரு சொல்லுவாரு" என்றார் பெத்தாச்சி.

நாகநாதனின் பொறுமை அங்கேதான் போனது. "வட்டின்னு சொன்னா வரி இல்லன்னு அதிகாரியே ஒத்துக்கிட்டாரு. நம்ம சேர்மன்தான் அபராதம்னு சொன்னாக."

இனி வேலை போனாலும் பரவாயில்லை என்று நாகநாதன் நிமிர்ந்து நின்றார்.

"ஆமா, சொன்னேன்" என்றார் பெத்தாச்சி. "நம்ம பேங்க்கு வட்டிக்கு வாங்குதுன்னு ஊர் பேசணுமா?"

அவ்வளவுதான், மாடியே அதிரும்படி கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்தே நின்று தட்டினார். நாகநாதனால் நம்ப முடியவில்லை. தேனம்மை மட்டும் உட்காராமல், சத்தம் ஓயட்டும் என்று காத்திருந்தார்.

"சரி. கைதட்டுனவுக டிவிடெண்டுல அந்த வரியக் கழிச்சுக்கங்க. எம் பங்குல கை வைக்காதீக."

இந்த முறை யாரும் தட்டவில்லை. பெத்தாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

அப்படி ஆளுக்கு ஒரு விதமாகக் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் டிவிடெண்டு குறைந்தது. அதைத் தேனம்மைக்கு எடுத்துச் சொல்லும் வேலையும் நாகநாதன் தலையில்தான் விழுந்தது. தேனம்மை வீட்டு முகப்பில் உட்கார்ந்து, இருப்பு, குறைவு, வட்டி, அபராதம், கழிவு என்று ஒவ்வொன்றாக விளக்கி முடிப்பதற்குள் மத்தியானம் போய்விட்டது. தேனம்மை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வட்டின்னே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"அதைத்தான் ஆச்சி நானும் சொன்னேன்" என்றார் நாகநாதன்.