மணி அடிக்கவே இல்லை

என் நாத்தனாரைப் பற்றி நான் நாலு நல்ல வார்த்தை சொல்வேன் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால், அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பேன். இப்போது நானே உட்கார்ந்து சொல்கிறேன். முழுசாகக் கேளுங்கள். நடுவில் குறுக்கிட்டு அவள் பக்கம் பேச வேண்டாம், அதை நானே பேசிவிடுவேன்.

எனக்கு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. டேப் அறை என் பொறுப்பு. பழைய பாலிசிகளின் விவரமெல்லாம் டேப்பில்தான் கிடக்கிறது. மேல் மாடியில் ஒரு கிளார்க் பழைய பாலிசி ஒன்றைத் தேடினால், சர்வர் அந்த டேப்பின் எண்ணை என் டெர்மினலுக்கு அனுப்பும். திரையில் எண் வரும், கூடவே மணி அடிக்கும். நான் ரேக்கிலிருந்து டேப்பை எடுத்து டிரைவில் செருக வேண்டும். குறித்த நேரத்துக்குள் செருகாவிட்டால் சர்வர் கைகழுவிவிடும். மேலே கிளார்க்கின் திரையில் 'டேப் கிடைக்கவில்லை' என்று வரும். கவுண்டருக்கு வெளியே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். அவளிடமும் அதையேதான் சொல்வார்கள்.

இந்த வேலையில் நான் கெட்டி. எந்த டேப் எந்த ரேக்கில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு சர்வரை மாற்றினார்கள். அதோடு என் பழைய டெர்மினலையும் தூக்கிக்கொண்டு போய், தட்டு மாதிரி மெல்லிசாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது தொல்லை. ஓர் எழுத்தை அழிக்கலாம் என்று பொத்தானை அமுக்கினால், அழிவதற்குப் பதில் தொப்பி போட்ட கிறுக்கல் ஒன்று வந்து நிற்கும். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் டேப் கேட்டு வரும் கோரிக்கைகள் தவற ஆரம்பித்தன. ரேக் பக்கம் நின்று லேபிள் ஒட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஏதோ ஒரு டேப்பைக் கேட்டு, காத்திருந்து, கைகழுவியும் முடித்திருக்கும் சர்வர்.

"மணி அடிக்கவே இல்லை சார்" என்றேன் மேனேஜரிடம்.

"அடிச்சிருக்கும்மா. பக்கத்து ரூம்ல இருந்தவருக்குக் கேட்டிருக்கே."

பக்கத்து அறையில் இருப்பவர் பிரிண்டர் பிரிவுக்காரர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. நிறுத்தவே மாட்டார். அவர் வாயிலிருந்து வருவதை விட்டு வேறு எந்தச் சத்தம் அவர் காதில் விழப் போகிறது என்று நான் கேட்டேன். மேனேஜர் சிரிக்கவில்லை. புகார்கள் மேலே போய்விட்டன, தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சர்வரைப் பார்ப்பார்கள், சர்வரில் கோளாறு இல்லை என்று தெரிந்தால் என்னை டேப் அறையிலிருந்து எடுத்துவிட்டுப் பழைய காகிதங்கள் அடைத்து வைத்திருக்கும் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். கிடங்கில் யாரும் எதையும் கேட்டு வருவதில்லை. அந்த வேலையில் என்னைப் போட்டால் ஒரே மாதத்தில் நானும் ஒரு காகிதக் கட்டு ஆகிவிடுவேன். இந்த டேப் அறையை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆள் வந்தது. தோளில் பை, மூக்கில் பூதக்கண்ணாடி மாதிரி தடிமனான கண்ணாடி. என் நாத்தனார்.

அவள் தலைமை அலுவலகத்தில் சர்வர் பிரிவில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இத்தனை பேர் இருக்கும்போது அவளைத்தான் அனுப்புவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் வாரத்துக்கு ஒரு தடவையாவது வீட்டுக்கு வருவாள். சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, அண்ணி அண்ணி என்று ஊர்க்கதையெல்லாம் அளப்பாள். ஒரு நாள் வருவதை நிறுத்தினாள். என் வீட்டுக்காரர் வந்து சொன்னார்: "அவ வந்து பெல் அடிச்சாளாம், அடிச்சுக்கிட்டே நின்னாளாம். நீ கதவைத் திறக்கலையாம்."

"பெல் அடிக்கவே இல்லை" என்றேன்.

"ஜன்னல் வழியா உன்னைப் பார்த்திருக்கா."

"பார்த்தா கூப்பிட வேண்டியதுதானே. வாய் இல்லையா அவளுக்கு?"

அவ்வளவுதான். அவள் பொய் சொல்கிறாள் என்று நானும், நான் வேண்டுமென்றே திறக்கவில்லை என்று அவளும் முறுக்கிக்கொண்டோம். கொஞ்ச நாளில், அவளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் முறிந்துபோனதை யாரோ மூன்றாம் மனுஷர் சொல்லித் தெரிந்துகொண்டேன். என்னிடம் சொல்லாமல் போனாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. அழுதேன்கூட. போன் செய்து கேட்கவில்லை. கோபம் என்றால் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும்.

டேப் அறை வாசலில் நின்று, "வணக்கம் மேடம்" என்றாள்.

மேடமாம். "வாங்க மேடம்" என்றேன் நானும். மேனேஜருக்கு நாங்கள் சொந்தக்காரர்கள் என்பதே தெரியாது. என்னைக் கிடங்குக்கு அனுப்ப இவளை விடப் பொருத்தமான ஆள் உலகத்தில் கிடையாது என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு நாற்காலியைத் தூசி தட்டாமலே இழுத்துப் போட்டேன்.

முதல் நாள் முழுக்க அவள் சர்வரோடு மல்லுக்கட்டினாள். ஒரே நேரத்தில் எத்தனை டிரைவுக்கு அது ஈடுகொடுக்க வேண்டும், டேப்பிலிருந்து ஒரு வாயில் எவ்வளவு அள்ளலாம், டேப் வரும்வரை எவ்வளவு நேரம் பொறுமையாக இருக்க வேண்டும் என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டாம். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, எழுத்தைக் கொட்டை கொட்டையாகப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படித்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், மேல் மாடியில் யாரும் எதையும் கேட்காதபோது, சர்வரை ஒரு முறை நிறுத்தி எழுப்பினாள். மாற்றிய அளவுகள் அப்போதுதான் அமலுக்கு வருமாம். இதெல்லாம் மேனேஜருக்கு அவள் சொன்ன விளக்கம். நான் கேட்காத மாதிரிதான் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு என் டெர்மினலில் ஏதோ நாலு வரி தட்டினாள். "உங்க டெர்மினல் என்ன வகைன்னு சர்வருக்குத் தப்பாச் சொல்லி வச்சிருக்காங்க மேடம். இப்போ அழிச்சுப் பாருங்க."

அழித்துப் பார்த்தேன். எழுத்து அழிந்தது. தொப்பிக் கிறுக்கல் இல்லை. வரிகள் ஒழுங்காக ஒன்றன் கீழ் ஒன்று உட்கார்ந்தன. ஒரு வருஷமாக நான் பட்ட பாடு, அவளுக்குத் தும்முகிற நேரம். நன்றி என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள் காலையில் மேனேஜர் வந்து, "என்ன முடிவு?" என்றார். வேடிக்கை பார்க்க ரேடியோவும் பின்னாலேயே வந்து வாசலில் சாய்ந்துகொண்டார்.

"காத்திருக்கற நேரத்தை ரொம்பக் குறைச்சு வச்சிருந்தாங்க. கூட்டிட்டேன். மணியை மட்டும் பார்க்கணும்" என்றவள் என் பக்கம் திரும்பி, "நீங்க ரேக் பக்கம் நின்னு வழக்கம்போல வேலையைப் பாருங்க மேடம். நான் இங்கிருந்து ஒரு கோரிக்கை அனுப்பறேன்" என்றாள்.

நான் ரேக்குக்குப் போனேன். முதுகைக் காட்டவில்லை. அவர்கள் மூன்று பேரையும் ஓரக்கண்ணால் பார்க்கிற மாதிரி நின்றேன். மணி அடிக்காமலே அடித்தது என்று என் தலையில் கட்டப் பார்த்தால், அங்கேயே பிடித்துக்கொள்ளலாம் என்று திட்டம். ஒரு லேபிளை உரித்தேன்.

இரண்டு தலைகள் சட்டென்று டெர்மினல் பக்கம் திரும்பின.

ரேடியோ பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். மேனேஜர் திரும்பினார். எனக்கு ஏசியின் உறுமல்தான் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். மறுபடியும் ஒரு பொத்தானை அமுக்கினாள். மறுபடியும் அந்த இரண்டு ஆண்களின் கண்ணும் திரைக்குப் போய் வந்தது. எனக்கு மறுபடியும் ஏசிதான்.

லேபிள் என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சர்வர் பொய் சொல்லவில்லை, ரேடியோ பொய் சொல்லவில்லை. ஒரு வருஷமாக மணி அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இனி கிடங்குதான் என்று நினைத்தேன்.

மேனேஜர் வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் அவள் பேசிவிட்டாள்.

"சார், மணி செட்டிங் தப்பா இருக்கு."

"எனக்கு நல்லாக் கேட்டுதே."

"உங்களைக் கூப்பிடவா சார் அது அடிக்குது? அண்ணியைக் கூப்பிடத்தானே?"

"அண்ணியா?" என்றார் மேனேஜர்.

"எங்க அண்ணன் பெண்டாட்டி" என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே. "பழைய டெர்மினல் மணி கனமான சத்தம். அது கேட்டிருக்கு, அதனாலதான் இத்தனை வருஷம் ஒரு டேப்பும் தவறல. இது ஊசி மாதிரி சத்தம். இவங்க காதுக்கு இது எட்டல."

மேனேஜர் தயங்கினார். "அப்போ காது சரியில்லாதவங்களை இந்த வேலையில எப்படிம்மா…"

அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "இது இல்லேன்னா நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது சார். உங்க சர்வரை நேத்து முழுக்க நான்தான் பார்த்தேன். எழுத்தைப் பெரிசாக்கி வச்சுக்கிட்டுப் பார்த்தேன், யாரும் ஒண்ணும் சொல்லல. எழுத்தைப் பெரிசாக்கறது செட்டிங்னா, மணியை மாத்தறதும் செட்டிங்தான்."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். சத்தத்தை நிறுத்தி, அதற்குப் பதிலாகத் திரையே வெள்ளையும் கருப்புமாக மாறி மாறி மின்ன வைத்தாள். நான் ஒரு பொத்தானை அமுக்கும்வரை அது ஓயாது. நான் எந்த டெர்மினலில் போய் உட்கார்ந்தாலும் அந்த ஏற்பாடு என் பெயரோடேயே வரும்படி எழுதினாள். பிறகு எழுந்து, மேஜையை ரேக் பக்கம் பார்க்கத் திருப்பிப் போடுவதற்கு ரேடியோவை ஒரு கை பிடிக்கச் சொன்னாள்.

"இப்போ ரேக்குல நில்லுங்க அண்ணி."

நின்றேன். அறையே மின்னியது. நான் டேப்பை உருவி, நடந்து வந்து, டிரைவில் செருகினேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த மாசம் பூரா பார்ப்போம். ஒண்ணும் தவறலேன்னா கிடங்குப் பேச்சே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறையில் நானும் அவளும்தான். நான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவமானமா, ஆறுதலா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் பக்கத்தில் வந்து, என் கட்டைவிரலில் ஒட்டியிருந்த லேபிளை மெல்ல உரித்தாள்.

"அண்ணி, நம்ம வீட்டு பெல் எப்படிச் சத்தம் போடும்?"

"கிர்ருன்னு. உனக்குத் தெரியாதா?"

"அது பழசு. போன வருஷம் பெயின்ட் அடிச்சப்போ அண்ணன் மாத்திட்டார். இப்போ இருக்கறது குருவி கத்தற மாதிரி. கீச்சுன்னு, மெல்லிசா."

எனக்குத் தெரியாது. அவர் வீட்டில் இருந்தால் கதவைத் திறக்க முந்திக்கொண்டு ஓடுவார். கல்யாணமான நாளாக வீட்டில் அவர் செய்கிற ஒரே வேலை அதுதான் என்று நானும் விட்டுவிட்டேன். வெளியே போனால் அவரிடம் சாவி இருக்கும். அந்தக் குருவியை நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

"ரேக் பக்கம் நீங்க நின்ன நிலையைப் பார்த்ததும் எனக்குப் பளிச்சுன்னு ஆயிடுச்சு" என்றாள். "அன்னைக்கும் ஜன்னல் வழியா அப்படித்தான் பார்த்தேன். காய் நறுக்கிட்டு இருந்தீங்க. நான் அடிச்சுக்கிட்டே இருக்கேன், நீங்க கத்தியைக்கூட நிறுத்தல. கூப்பிடலாம்னா தொண்டையிலருந்து சத்தம் வரல. அழுதுக்கிட்டு வந்திருந்தேன் அண்ணி. அப்போதான் மாப்பிள்ளை வீட்டுல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லத் துணிச்சல் இல்லாம உங்ககிட்ட வந்தேன்."

நான் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். டேப் அறையில் உணவுப் பொருள், ஈரம் எதுவும் கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறது, அதை மாட்டியதே நான்தான். அன்றைக்கு அங்கே நாங்கள் சிந்திய ஈரத்துக்கு யாரிடமும் விளக்கம் சொல்ல மாட்டேன்.

அந்த வாரமே அவள் என்னைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகுமாம், பேச்சு கேட்டுக்கொண்டே இருப்பதால் அவரவர்க்குத் தெரியாதாம். மிஷின் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், வைத்துக்கொள்வேன். மாதம் முடிந்தது, ஒரு கோரிக்கையும் தவறவில்லை. மேனேஜர் சொன்னபடி கிடங்குப் பேச்சை எடுக்கவே இல்லை. கவுண்டருக்கு வெளியே நிற்பவர்களை நான் பார்ப்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு டேப் சுழலும்போதும் என் நாத்தனாருக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்கிறேன். நேரில் சொன்னால், "போங்க அண்ணி, நாலு வரிதானே" என்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். ஜன்னலுக்கு மேலே, குருவி பெல் அடித்தால் எரியும்படி எலெக்ட்ரீஷியனை விட்டு அவள் மாட்டிக் கொடுத்த பல்பு விட்டுவிட்டு எரிந்தது. கத்தியைக் கையில் பிடித்தபடியே ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன்.

அவள் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் சிரித்தது.

"சும்மா வந்தேன் அண்ணி" என்றாள்.

"சும்மாவெல்லாம் வர வேண்டாம்" என்றேன். "உள்ளே வந்து மேடையில ஏறி உட்காரு. போன வருஷம் சொல்ல வந்தியே, அதை முதல்லேருந்து சொல்லு."