ஜொவான்னிக்கு இருந்த திமிர்

திறப்பு விழாவுக்கு அரை மணி நேரம் இருந்தது. ஆசை தாங்காமல் கல்வெட்டின் திரையைத் தூக்கிப் பார்த்தேன், கோபம் பற்றிக்கொண்டு வந்தது. புலம்பெயர்ந்து வந்த சட்டனில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு எழும்பிய முதல் சொந்த மண்டபம். தலைவர் பெயர் இருந்தது, உட்காரக் கதிரை கொடுத்தவர் பெயர் இருந்தது, ஃபேன் கொடுத்தவரின் செத்துப்போன மாமனார் பெயர்கூட இருந்தது. மண்டபத்தை வரைந்து கட்டுவித்த சிவமலரின் பெயர் இல்லை. சிவமலர் நான்தான்.

கல்வெட்டுக்கு எழுதிக் கொடுத்தவர் சங்கச் செயலாளர் நிரூபன், என் கணவர்.

"சொந்த மனிசியின்ர பேரை நானே போட்டா சனம் என்ன கதைக்கும்?" என்றார். "உமக்கு விளங்கும்தானே."

விளங்கவில்லை. எனக்கு ஜொவான்னி பிசானோவைத்தான் விளங்கும். எழுநூறு வருடங்களுக்கு முந்திய இத்தாலியச் சிற்பி. அவரைப் பற்றி நான் கதைக்காத நாளில்லை, நிரூபன் கொட்டாவி விடாத நாளுமில்லை. தகப்பனோடு உளி பிடித்துப் பழகியவர். சியெனா தேவாலயத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராகி, முகப்பில் தீர்க்கதரிசிகளைச் சிலையாக நிறுத்தினார். கீழே நிற்பவருக்கு முகம் தெரியவேண்டுமென்று கழுத்தை முன்னே நீட்டிச் செதுக்கினார். அதிலொன்று சவுத் கென்சிங்டன் மியூசியத்தில் இருக்கிறது. இப்போதே வாய் திறந்து ஏசும் போலிருக்கும். முகப்பு முழுதும் முடியுமுன்னே அங்கிருந்து போய், பிறகு பீசாவில் ஒரு பிரசங்க மேடை செய்தார். அதில் தன் புகழைத் தானே வெட்டிவைத்தார்: தனக்கு நிகர் எவருமில்லையாம், அசிங்கமாகச் செதுக்க நினைத்தாலும் தனக்கு வராதாம்! என்ன திமிர்! நினைக்கவே எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது.

வேலைத்தளத்தில் இரும்பில் குறியிடும் வெள்ளை மார்க்கர் கைப்பையில் இருந்தது. கல்லோ கறுப்பு.

"உமக்கென்ன விசரே?"

"ஓம். தள்ளி நில்லுங்கோ."

கடைசிப் பெயருக்குக் கீழே எழுதித் திரையை இழுத்துவிட்டேன்.

விருந்தினர் வந்து திரையை விலக்கினார். நிரூபன் மைக்கில் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். வெட்டிய எழுத்து முடிந்த இடத்தில் நின்றார். அப்படியே நன்றியுரைக்குப் போயிருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அவர் குனிந்து என் வெள்ளை எழுத்தையும் வாசித்தார். "இந்த மண்டபத்தைக் கட்டியவள் சிவமலர். அசிங்கமாகக் கட்டச் சொன்னாலும் அவளுக்கு வராது."

"உங்கட மனிசியெல்லோ!" என்று பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"ஓம், என்ர மனிசிதான். அதுக்கென்ன?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டு, அந்த வரியை இன்னொருதரம் உரக்க வாசித்தார்.